நல்லாண்மை: ‘ஹெல்தி மஸ்குலினிட்டி’க்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

இப்ப நம்ம கிறிஸ்தவ சபைகள்ல வாலிபர் கூட்டம், ஆண்கள் ஐக்கிய சங்கம்னு எங்க போனாலும் ‘ஹெல்தி மஸ்குலினிட்டி’ன்னு ஒரு தலைப்பு வந்துருது. பேச வாரவங்க அத ‘ஆரோக்கியமான ஆண்மை’ன்னு தமிழ்ப்படுத்துதாங்க, உடனே பின் பெஞ்சுல பயலுவ சிரிக்கானுவ. அவனுவள குறை சொல்ல முடியாது, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ‘ஆண்மைக்குறைவா?’ன்னு வைத்தியர் விளம்பரத்துல பாத்து பாத்துதான் அந்த சொல்லே அவனுவளுக்குத் தெரியும். ஒரு நல்ல சொல்ல படுக்கையறைக்குள்ள வச்சு பூட்டிட்டோம், எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மஸ்குலினிட்டி லத்தீன்ல இருந்து வந்தது. அங்க ‘மாஸ்’னா ஆண், அதுல இருந்து ‘மாஸ்குலுஸ்’, அப்புறம் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. வேர்ல ஆண்பால்ங்கிறத தவிர வேற குணம் ஒண்ணும் சொல்லல. தமிழ் ஆண்மைக்குள்ள ‘ஆள்’ங்கிற வினையும் கேக்குது. ஆளுறதுன்னா அதிகாரம் பண்ணுறது மட்டுமில்ல, ஒண்ண கையில எடுத்து நடத்துறது, பராமரிக்கிறது. தாளாண்மைன்னா விடாமுயற்சி. வேளாண்மைன்னு இப்ப வயக்காட்டு வேலைய சொல்லுதோம், ஆனா குறள்ல ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ன்னு வரும்போது அடுத்தவனுக்கு உதவுறதுன்னு அர்த்தம். இதுல எங்கயும் மீசையும் இல்ல முறுக்கும் இல்ல.

நம்ம வேதாகமத்துல இந்த இடத்துக்கு வார சொல்லு புருஷன். 1 கொரிந்தியர் 16:13, ‘விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள், புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்.’ கிரேக்கத்துல அது ‘ஆந்த்ரிசெஸ்தே’ன்னு ஒரே சொல், ‘அனேர்’ அதாவது ஆண்ங்கிற பேர்ல இருந்து வந்தது, தைரியமா நில்லுங்கன்னு கருத்து. இத வச்சு ஆம்பளையா இருன்னு பேசுறவங்க ரெண்டு விஷயத்த விட்டுருதாங்க. ஒண்ணு, அந்த நிருபம், அதாவது அப்போஸ்தலர் பவுல் எழுதுன கடிதம், ஆம்பளைங்களுக்கு மட்டும் போனது இல்ல, கொரிந்து சபைல இருந்த ஆண் பெண் எல்லாருக்கும் போனது. ரெண்டாவது, அடுத்த வசனமே ‘உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது’ன்னு வருது, பதிமூணோட நிறுத்துனா பவுல் சொன்னதுல பாதியதான் சொல்லுதோம்.

புருஷன்ங்கிறதுக்கு கணவன்னும் அர்த்தம் இருக்கதால எபேசியர் 5ம் இதுக்குள்ள வந்துருது. ‘மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்’ங்கிற 22ம் வசனம் நம்ம ஆட்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு முந்தின வசனம் ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’னு சொல்லுறது எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு? மனைவிக்கு 22ல இருந்து 24 வரைக்கும்தான், 25ல இருந்து கடைசி வரைக்கும் பெரும்பாலும் புருஷனுக்குத்தான் சொல்லுதாரு, அதுவும் கிறிஸ்து சபைக்காக தம்மையே ஒப்புக்கொடுத்த மாதிரி அன்பு காட்டணும்னு.

இயேசுவ பாருங்க. கடைசி இராப்போஜனத்துல எழுந்திரிச்சு, மேல் வஸ்திரத்த கழற்றி வச்சிட்டு, ஒரு சீலைய அரையில கட்டிக்கிட்டு, பாத்திரத்துல தண்ணி ஊத்தி சீஷர் கால கழுவுதாரு. அந்த வேல அன்னைக்கு வீட்டு வேலக்காரன் பாக்குற வேல. செத்துப்போன சிநேகிதன் லாசரு கல்லறைக்குப் போகும்போது எல்லாரும் பாக்க கண்ணீர் விடுதாரு. ‘அழாதல, ஆம்பளப் பிள்ளல்லா நீ’ன்னு நாலு வயசு பயல அதட்டுதோமே, அந்த அதட்டுக்கு சுவிசேஷத்துல ஆதாரமே கெடையாது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். புதுசா உருவாக்க வேண்டியதில்ல, வள்ளுவர் வச்சிட்டு போயிருக்காரு, 1026ம் குறள்:

நல்லாண்மை என்ப தொருவற்குத் தான்பிறந்த
இல்லாண்மை ஆக்கிக் கொளல்.

நல்லாண்மைன்னா தான் பிறந்த குடியத் தாங்கி நடத்துற பொறுப்ப தனதாக்கிக்கிறது. இல்லாண்மைங்கிறத வீட்டுல ராஜாவா இருக்குறதுன்னு யாரும் திரிச்சிரக் கூடாது, அடுத்த குறள்லயே போர்க்களத்துல வீரன் மேல பாரம் விழுற மாதிரி குடும்பத்துலயும் தாங்குறவன் மேலதான் பாரம் விழும்னு சொல்லிருதாரு. அதுக்கும் அடுத்தது ‘மடிசெய்து மானங் கருதக் கெடும்’, சோம்பலா இருந்து மானம் பாத்தா எல்லாம் கெட்டுப்போகும். பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்க மானம் தடுக்குதுன்னு சொல்லுறவங்க இத ரெண்டு தடவ வாசிக்கணும். சர்ச் காரியத்துல குறள் எதுக்குன்னு யாராவது கேட்டா, சாயர்புரத்துல மிஷனெரியா ஊழியம் பாத்த ஜி.யு. போப் ஐயர்தான் 1886ல குறள இங்கிலீஷ்ல கொண்டு வந்தாருன்னு சொல்லுங்க.

இதுக்கு நம்மகிட்ட பழக்கம் இல்லாம இல்ல. அசனத்தன்னைக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேந்து சாப்புடுற விருந்தன்னைக்கு, விடியுறதுக்கு முன்னாடியே ஆம்பளைங்கதான் கைலிய மடிச்சு கட்டிக்கிட்டு சாக்கு சாக்கா வெங்காயம் உரிக்கிறது, கறி வெட்டுறது, புகையில கண்ணு எரிய எரிய அண்டாவுல சோறு கிண்டுறது, பெறகு வாளியத் தூக்கிட்டு பந்தி பந்தியா பரிமாறுறது, கடைசி ஆள் சாப்புட்ட பெறகுதான் அவங்க சாப்புடுவாங்க, அதுல யாருக்கும் ஆண்மை கொறஞ்சு போகல. அதே கை மறுநாள் வீட்டுல ஒரு டம்ளர கழுவுனா போதும், நல்லாண்மைக்கு உதாரணம் அதுதான்.

எதிர்ச்சொல் பத்தியும் ஒரு வார்த்த. ‘டாக்சிக் மஸ்குலினிட்டி’ய ‘நச்சு ஆண்மை’ன்னு எழுதுதாங்க, எனக்கு சம்மதம் இல்ல. ஆம்பளத் திமிர்னு நம்ம அம்மாமாரு காலங்காலமா சொல்லுதாங்க, அதுவே தெளிவா இருக்கு, ஆண்மைங்கிற சொல்லுலயும் அழுக்கு ஒட்டாது.

நல்லாண்மை ஆண்களுக்கு மட்டுமான்னு கேட்டா, குறள் சொல்லுற அர்த்தத்துல இல்ல. அப்பா போன பெறகு பீடி சுத்தி தம்பி தங்கச்சிய படிக்க வச்சு கரையேத்துன அக்காமாரு நம்ம பக்கத்துல எத்தன பேரு இருக்காங்க, அவங்களுக்கும் இந்த சொல்ல தாராளமா சொல்லலாம். ‘புருஷராயிருங்கள்’னு பவுல் எழுதுனதும் கொரிந்துல இருந்த பெண்களுக்கும் சேத்துத்தான்.