50 டாலருக்குக் கைமாறின பாட்டு: சைன் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பாட்டு எழுதுறவங்களும் மியூசிக் போடுறவங்களும் என்கிட்ட வர்றது பெரும்பாலும் சைன் போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான். பாட்டு ஹிட் ஆகி ரீல்ஸ்ல, கல்யாண மண்டபத்துல, விளம்பரத்துலன்னு எல்லா இடத்துலயும் ஓட ஆரம்பிச்ச பிறகு "மேடம், இதுல எனக்கு ஏதாவது வருமா"ன்னு அக்ரிமென்ட்டோட ஜெராக்ஸைத் தூக்கிட்டு வருவாங்க. அதைப் பிரிச்சா ரெண்டாவது பக்கத்துலயே இருக்கும், உலகம் முழுக்க, நிரந்தரமா, இப்ப இருக்கிற இனிமே வரப்போற எல்லா ஊடகத்துக்கும் எல்லா உரிமையையும் எழுதிக் குடுத்தாச்சுன்னு. காப்பிரைட் வழக்குகளைப் பார்க்கிற வக்கீலா இந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்துட்டே இருக்கேன்.

சட்டப் பிரிவு நம்பர் சொல்லி விளக்க ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல கவனம் போனுக்குப் போயிடுது. அதனால நான் டபிள்யூ.சி. ஹாண்டியோட கதையைத்தான் சொல்லுவேன். அமெரிக்காவுல ப்ளூஸ்ங்கிற இசையைப் பேப்பர்ல கொண்டுவந்து ஊர் முழுக்கப் பரப்பினவர் அவர். பாட்டு எழுதுனாரு, பேண்ட் நடத்துனாரு, பதிப்பகம் வச்சாரு, மேடைக் கச்சேரி ஏற்பாடு பண்ணாரு. ஒரே ஆளோட வாழ்க்கையில ஒரு பாட்டை மொத்தமா வித்தா என்ன ஆகும், அடுத்ததைக் கையிலயே வச்சிருந்தா என்ன ஆகும்னு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியுது.

வில்லியம் கிறிஸ்டோபர் ஹாண்டி 1873-ல அலபாமா மாநிலத்துல ஃப்ளாரன்ஸ்ங்கிற ஊர்ல பிறந்தவர். கறுப்பினக் குடும்பம், அப்பா சர்ச்சுல போதகர், அமெரிக்காவுல அடிமை முறை சட்டப்படி முடிஞ்சு அப்பத்தான் எட்டு வருஷம் ஆகியிருந்துச்சு. பையன் காசு சேர்த்து ஆசையா ஒரு கிட்டார் வாங்கிட்டு வந்தா அப்பா அதைக் கடையில திருப்பிக் குடுக்க வச்சு பதிலுக்கு ஒரு டிக்‌ஷனரி வாங்க வச்சாரு, அவரைப் பொறுத்தவரைக்கும் இசைக்காரன்னா உருப்படாதவன். ஆனாலும் பையன் கார்னெட்ங்கிற ஊதுற வாத்தியம் கத்துக்கிட்டு, வேலை தேடி அலைஞ்சு, செயின்ட் லூயிஸ்ல ஆத்தங்கரை கல்லு தரையில தூங்கி, அப்புறம் 1896-ல மஹாராஸ் மின்ஸ்ட்ரல்ஸ்ங்கிற குழுவுல சேர்ந்து கியூபா வரைக்கும் போய் வாசிச்சாரு, நடுவுல அலபாமாவுல ஒரு காலேஜ்ல இசை வாத்தியாராவும் இருந்தாரு. நோட்டேஷன், அதாவது இசையைக் குறியீடாப் பேப்பர்ல எழுதத் தெரிஞ்சவர்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1903 வாக்குல மிசிசிப்பியில கிளார்க்ஸ்டேல்ங்கிற ஊர்ல பேண்ட் மாஸ்டரா இருந்தப்போ டட்வைலர் ரயில்வே ஸ்டேஷன்ல லேட்டா வர்ற ரயிலுக்காகக் காத்துட்டு இருக்காரு. பக்கத்துல கிழிஞ்ச துணியோட ஒருத்தர் கிட்டார் தந்தி மேல கத்தியை வச்சுத் தேய்ச்சு, ரெண்டு ரயில் பாதை குறுக்கே வெட்டுற ஊரைப் பத்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிட்டு இருந்தாரு. ஹாண்டி தன் வாழ்க்கையில கேட்டதுலயே விசித்திரமான இசை அதுதான்னு பின்னாடி எழுதியிருக்காரு. அதே காலத்துல கிளீவ்லேண்ட்ங்கிற இன்னொரு ஊர்ல இவரோட பேண்ட் முறைப்படி வாசிச்சு முடிச்சதும் உள்ளூர்க்காரங்க மூணு பேர் பழைய கிட்டார், மேண்டலின், அடிபட்ட பேஸ் ஒண்ணு வச்சு வாசிக்க, கூட்டம் அவங்க காலடியில வெள்ளிக் காசை வாரி இறைச்சுது. ஜனங்க காசு குடுக்கிறது இதுக்குத்தான்னு அவருக்கு அன்னைக்குப் புரிஞ்சுது.

அப்புறம் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்து பீல் ஸ்ட்ரீட்ங்கிற தெருவுல செட்டில் ஆகுறாரு. 1909 மேயர் எலெக்‌ஷன்ல இ.எச். கிரம்ப்ங்கிற வேட்பாளர் பேர்ல ஒரு பிரச்சாரப் பாட்டு போட்டாரு, தெருவெல்லாம் ஜனங்க ஆடுனாங்க. அந்த மெட்டைத்தான் 1912-ல "மெம்ஃபிஸ் ப்ளூஸ்"னு பேர் மாத்தி சொந்தக் காசுல அச்சடிச்சாரு. அப்பெல்லாம் பாட்டு வியாபாரம்னா அச்சடிச்ச நோட்டேஷன் தாள்தான், வீட்ல பியானோ வச்சிருக்கிறவங்க கடையில வாங்கிட்டுப் போய் வாசிப்பாங்க, ரெக்கார்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான் பெருசாச்சு.

இங்கதான் கவனிக்கணும். அச்சடிக்கவும் கடையில விக்கவும் உதவி பண்ணவங்க கொஞ்ச நாள்ல வந்து பாட்டு ஓடலைன்னு சொல்றாங்க, கடையில கட்டுக் கட்டாத் தாள் அப்படியே கிடக்கிறதைக் காட்டுறாங்க. ஹாண்டிக்குக் கடன், வீட்ல பிள்ளைங்க. தெரன் பென்னட்ங்கிற பதிப்பாளர்கிட்ட 50 டாலருக்கு மொத்த காப்பிரைட்டையும் எழுதிக் குடுத்துடுறாரு. இவர்கிட்ட 1,000 காப்பின்னு சொல்லிட்டு உண்மையில 2,000 அடிச்சிருந்தாங்க, முதல் ஆயிரம் சூடா வித்துப் போயிருந்துச்சு, தான் பார்த்தது ரெண்டாவது ஆயிரத்தைன்னு ஹாண்டி தன் சுயசரிதையில சொல்றாரு. அடுத்த வருஷமே புதுசா பாட்டு வரி எழுத வச்சு நியூயார்க்ல இருந்து விட்டாங்க, அந்த வரிகள்ல ஹாண்டியோட பேரும் வருது, ஆனா காசு மட்டும் வரலை. 1914-ல விக்டர் கம்பெனி ரெக்கார்ட் போட்டுச்சு, ஃபாக்ஸ்ட்ராட்ங்கிற டான்ஸுக்கே இந்தப் பாட்டுதான் வழி காட்டுச்சுன்னு சொல்லுவாங்க, நாடு முழுக்க பேண்டுகள் வாசிச்சுது.

இதைச் சொன்னா எல்லாரும் ஏமாத்திட்டாங்களேன்னுதான் சொல்லுவாங்க. ஏமாத்துனது நிஜம்னே வச்சுக்குவோம். ஆனா ஒரு வக்கீலா எனக்கு அதை விடப் பெருசா தெரியுறது வேற. யாருமே ஏமாத்தாம அந்த ஆயிரம் தாள் நிஜமாவே விக்காம கிடந்திருந்தாலும் அந்த அக்ரிமென்ட் மோசமானதுதான். ஏன்னா ஒரு பாட்டோட மதிப்பு என்னன்னு யாருக்கும் தெரியாத நேரத்துல எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா குடுத்தாச்சு. வீட்டை வாடகைக்கு விடறதுக்கும் கிரயப் பத்திரம் எழுதிக் குடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் தெரியும், பாட்டுன்னு வரும்போது மட்டும் படிச்ச பசங்களே அந்த வித்தியாசத்தைக் கேக்க மாட்டேங்கறாங்க. அச்சடிக்க மட்டும் அனுமதி, இத்தனை வருஷத்துக்கு, ஒரு தாளுக்கு இவ்வளவுன்னு கூட எழுதியிருக்கலாம், அதுவும் ஒப்பந்தம்தானே.

ஹாண்டி அடுத்ததா பண்ணதைப் பாருங்க. ஹாரி பேஸ்னு ஒரு நண்பர், கறுப்பின அறிஞர் டியூ பாய்ஸ்கிட்ட படிச்சவர், பேங்க் இன்ஷூரன்ஸ் கணக்கு வழக்கு தெரிஞ்சவர். ரெண்டு பேரும் சேர்ந்து பேஸ் அண்ட் ஹாண்டின்னு சொந்தமா பதிப்பகம் நடத்துனாங்க. 1914-ல ஹாண்டி எழுதுன "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" வெளியாள் யார் கைக்கும் போகாம இந்தக் கம்பெனியில வந்துச்சு. அந்த ஊர் ஆத்தங்கரையில தூங்குன காலத்துல, புருஷன் விட்டுட்டுப் போன ஒரு பொம்பளை தள்ளாடிக்கிட்டே புலம்பிட்டுப் போனதைக் கேட்டிருந்தாரு, அதுதான் பாட்டுக்குள்ள வந்துச்சு. நடுவுல டேங்கோ தாளத்தை வேற சேர்த்தாரு. முதல்ல பெருசா ஓடலை, மெதுவாத்தான் ஏறுச்சு. 1925-ல பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிச்ச ரெக்கார்ட் வந்துச்சு, 1929-ல பெஸ்ஸி ஸ்மித் நடிச்ச குறும்படம் வந்துச்சு, அப்புறம் எத்தனை பேர் எத்தனை விதமா ரெக்கார்ட் பண்ணாங்கன்னு கணக்கே இல்லை. ஹாண்டி சாகுற வரைக்கும் அந்தப் பாட்டு அவருக்குச் சோறு போட்டுச்சு.

காசு எப்படி வரும்னு கொஞ்சம் சொல்லிடறேன், இதுதான் பல பேருக்குத் தெரியாத இடம். 1909-ல அமெரிக்காவுல வந்த காப்பிரைட் சட்டம் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பியானோ ரோலுக்கும் (பியானோவைத் தானா வாசிக்க வைக்கிற, ஓட்டை போட்ட காகிதச் சுருள்) பாட்டோட உரிமைக்காரருக்கு 2 சென்ட் குடுக்கணும்னு வச்சுது. அதுக்கு முந்தின வருஷம்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பியானோ ரோல் காப்பிக் கணக்குலயே வராது, காசு குடுக்க வேண்டாம்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு, அதைச் சரி பண்ணத்தான் இந்த ஏற்பாடு. 2 சென்ட்தானேன்னு நினைக்காதீங்க, லட்சக் கணக்குல ரெக்கார்ட் போகும்போது அது பெருசு. வழக்கமா அந்தக் காசு பதிப்பாளர்கிட்ட போய் அதுல பாதி எழுதுனவருக்கு வரும். பதிப்பகமே எழுதுனவரோடதா இருந்தா ரெண்டு பாதியும் ஒரே பைக்கு வருது. இன்னைக்கு ஸ்ட்ரீமிங்லயும் எழுதுனவர் பங்கு, பதிப்பாளர் பங்குன்னு இதே பிரிப்புதான் நடக்குது, உங்க அக்ரிமென்ட்ல பப்ளிஷிங் உரிமைன்னு ஒரு வரி இருந்தா அது இந்த ரெண்டாவது பாதி.

சொந்தக் கம்பெனி வச்சா எல்லாம் சுகம்னு நான் சொல்ல வரலை. 1918-ல நியூயார்க் போனாங்க, 1921-ல ஹாரி பேஸ் பிரிஞ்சு போய் பிளாக் ஸ்வான்னு ரெக்கார்ட் கம்பெனி ஆரம்பிச்சாரு, ஹாண்டி தலையில கடன் நின்னுச்சு, அந்த நேரத்துல கண் பார்வையும் மங்கிப்போய் கிட்டத்தட்ட திவால் ஆகுற நிலைமை. தம்பி சார்ல்ஸோட சேர்ந்து ஹாண்டி பிரதர்ஸ்னு திரும்ப எழுந்து வந்தாரு. எழுந்து நிக்கக் கையில பாட்டு இருந்துச்சு, அதனால முடிஞ்சுது. 1926-ல அப்பி நைல்ஸ்னு வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஒருத்தரோட சேர்ந்து ப்ளூஸ் தொகுப்பு நூல் கொண்டுவந்தாரு, 1928-ல கார்னகி ஹால்ல கறுப்பின இசையோட வரலாற்றையே ஒரு கச்சேரியா மேடை ஏத்துனாரு.

மெம்ஃபிஸ் ப்ளூஸ் என்னாச்சு? அந்த 1909 சட்டத்துல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. காப்பிரைட் முதல்ல 28 வருஷம், அதுக்கப்புறம் புதுப்பிச்சா இன்னொரு 28. புதுப்பிக்கிற உரிமை எழுதுனவருக்குத்தான், முதல்ல அடிமாட்டு விலைக்கு வித்திருந்தாலும் ரெண்டாவது வாய்ப்பு கிடைக்கட்டும்னு வச்சது. 1912 கூட 28 கூட்டுங்க, 1940. ஹாண்டி 66 வயசுல தன்னோட பாட்டைத் திரும்பி வாங்குனாரு. இதைப் படிக்கிறப்போ எனக்கு இப்பவும் மனசு நிறைஞ்சு போகுது.

ஆனா அந்தக் கதவையும் சீக்கிரமே அடைச்சுட்டாங்க. 1943-ல வேற ஒரு பாட்டு பத்தின வழக்குல, எழுதுனவர் தன் புதுப்பிக்கிற உரிமையை முன்கூட்டியே வித்திருந்தா அந்த விற்பனை செல்லும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அங்க பாட்டு எழுதுன மூணு பேர்ல ஒருத்தர் 1917-லயே 1,600 டாலருக்குப் பல பாட்டுகளோட புதுப்பிப்பு உரிமையைக் குடுத்திருந்தாரு. அப்புறம் பதிப்பாளர்கள் முதல் அக்ரிமென்ட்லயே ரெண்டு காலத்தையும் சேர்த்து வாங்க ஆரம்பிச்சாங்க. 1976-ல புதுச் சட்டம் போட்டுத்தான், 1978-ல இருந்து எழுதிக் குடுக்கிற உரிமைகளை 35 வருஷம் கழிச்சு எழுதுனவர் ரத்து பண்ணலாம், முன்கூட்டியே என்ன எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாதுன்னு கொண்டுவந்தாங்க.

இன்னொண்ணு சொல்லாம விட எனக்கு மனசு வரலை. டட்வைலர் ஸ்டேஷன்ல பாடுன அந்த மனுஷன். அவர் பாடுன அந்த வரியை ஹாண்டி பின்னாடி "எல்லோ டாக் ப்ளூஸ்"ல எடுத்துக்கிட்டாரு. அந்த ஆளோட பேர் என்னன்னு ஹாண்டியும் எழுதலை, காசும் போகலை. ஹாண்டிக்கு நோட்டேஷன் எழுதத் தெரியும், பதிவு பண்ணத் தெரியும், ஸ்டேஷன்ல பாடுன அந்த மனுஷனுக்குத் தெரியாது, சட்டம் பேப்பர்ல இருக்கிறதைத்தான் பார்க்குது. 1938-ல ஜெல்லி ரோல் மார்ட்டன்ங்கிற ஜாஸ் பியானோ கலைஞர், ஹாண்டி ப்ளூஸைக் கண்டுபிடிச்சவர்னு சொல்றதே பொய்னு கோபமா ஒரு பத்திரிகைக்கு லெட்டர் எழுதுனாரு. 1912-லயே ஹாண்டிக்கு முன்னாடி ப்ளூஸ்னு பேர் போட்டு வேற தாள்கள் வந்தாச்சுங்கிறதும் உண்மைதான். நாட்டுப்புறப் பாட்டைச் சேகரிச்சு ஆல்பம் போடுற நண்பர்கள் என்கிட்ட வந்தா, பாடிக் குடுத்த அந்த அம்மாவோட பேரையும் பங்கையும் அக்ரிமென்ட்ல போட்டீங்களான்னுதான் முதல்ல கேப்பேன்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். இந்தியக் காப்பிரைட் சட்டத்துல 2012-ல பண்ண திருத்தம் பாட்டு எழுதுறவங்களுக்கும் இசையமைக்கிறவங்களுக்கும் பெரிய பாதுகாப்பு. படத்துல வர்ற பாட்டா இருந்தா தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர மத்த எந்தப் பயன்பாட்டுக்கும் ராயல்டியில சரிபாதி உங்களுக்கு, அதை நீங்களே எழுதிக் குடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ, ராயல்டியை வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்கிற காப்பிரைட் சொசைட்டிக்கோ மட்டும்தான் குடுக்க முடியும். படத்துல வராத தனிப் பாட்டு ரெக்கார்டிங்குக்கும் இதே மாதிரி சரிபாதி இருக்கு. அதனால "எல்லாம் வித்துட்டேன் மேடம்"னு அழுதுட்டு வர்றவங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லி உக்கார வைப்பேன். ஆனா சட்டம் குடுத்தது தானா பேங்க் அக்கவுன்ட்டுக்கு வராது, அப்படிப்பட்ட சொசைட்டியான ஐ.பி.ஆர்.எஸ்.ல மெம்பராகி உங்க பாட்டையெல்லாம் பதிவு பண்ணி வச்சாத்தான் உங்க பங்கு உங்களைத் தேடி வரும்.

இன்னும் சில ஓட்டைகளும் உங்களுக்குச் சாதகமா இருக்கு. அக்ரிமென்ட்ல எத்தனை வருஷம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்தான். எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். சைன் போட்ட நாள்ல இல்லாத ஒரு ஊடகத்தைப் பேர் சொல்லி எழுதலைன்னா அந்த ஊடகத்துக்கு உரிமை போகாது. எழுதிக் குடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வாங்குனவங்க அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லைன்னா, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அது காலாவதி ஆயிடும். அதனாலதான் பழைய அக்ரிமென்ட்டைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றேன், சைன் போட்ட காப்பி ஒண்ணு கண்டிப்பா கேட்டு வாங்குங்க, குடுக்க மாட்டேன்னா அந்த இடத்துலயே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. மெட்டு போட்ட தேதி தெரியுற மாதிரி டெமோ ஃபைலை உங்களுக்கே மெயில் அனுப்பி வச்சுக்கோங்க. நாளைக்கு சைன் போடணும்னு அவசரப்படுத்துனா ரெண்டு நாள் டைம் கேளுங்க, அந்த ரெண்டு நாள்ல ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, நான்னு இல்லை, காப்பிரைட் தெரிஞ்ச யார்கிட்ட வேணா காட்டுங்க.