சாறுண்ணியா, மட்குண்ணியா?

உதிர்ந்த இலை, செத்த மரம், சாணம் என்று உயிரற்றதிலிருந்து உணவெடுத்து வாழும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நம் பாடநூல்களில் சாறுண்ணி, மட்குண்ணி என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. என் ஓட்டு மட்குண்ணிக்குத்தான்.

ஆங்கிலத்தில் முதலில் சாப்ரோபைட் என்றார்கள். கிரேக்கத்தில் சாப்ரோஸ் என்றால் அழுகியது, பைட்டான் என்றால் செடி. காளானையும் செடியோடு சேர்த்து வைத்திருந்த காலத்துப் பெயர் அது. 1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர், உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்த தன் ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சையைத் தனி உலகமாகப் பிரித்தார். செடி இல்லாததைச் செடி என்பானேன் என்று, ஊட்டத்தைக் குறிக்கும் ட்ரோபே சேர்ந்த சாப்ரோட்ரோப் இப்போது பொருத்தமான சொல்லாகிவிட்டது. தமிழில் உண்ணி என்றே சொல்வதால் இந்தத் தொல்லையே இல்லை.

சாறுண்ணி என்பதிலும் நியாயம் உண்டு. பூஞ்சைக்கு வாய் கிடையாது; நொதிகளை வெளியே சுரந்து, மரத்தை இருந்த இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் முதல் தடவை கேட்கிற பிள்ளைக்கு உயிருள்ள செடியில் சாறு குடிக்கும் அசுவினிப் பூச்சிதான் நினைவுக்கு வரும். மட்குண்ணியில் அந்தக் குழப்பம் வராது. மட்குதல்தான் பேச்சில் மக்குதல். கடலூர்த் தெருக்களில் குப்பை வாங்க வருகிறவர்கள் 'மக்குற குப்பையைத் தனியா குடுங்க' என்கிறார்களே, அதே சொல்.

இவற்றின் வேலையைப் பார்க்க நம் கடலூர் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னை மரத்து இலைகள் விழுந்து சேற்றில் ஊற, பூஞ்சையும் பாக்டீரியாவும் படிந்து அவற்றைச் சிதைக்க, அந்தத் துகள்தான் நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் உணவாகிறது. நெய்வேலியில் இதற்கு நேர்மாறு. பழங்காலச் சதுப்பில் மூழ்கிய மரங்களுக்குக் காற்றுப் போகாததால், மட்குண்ணிகள் முழுக்கத் தின்று தீர்க்காமல் விட்ட மிச்சமே மண்ணடியில் அழுந்திப் பழுப்பு நிலக்கரியானது.

அப்புறம், காக்கையும் கழுகும் இந்தக் கணக்கில் சேராது. செத்ததைத் தின்றாலும் அவை வாயால் தின்று வயிற்றுக்குள் செரிப்பவை. மண்புழுவும் அப்படித்தான். அதையும் மட்குண்ணி என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, உடலுக்கு வெளியே செரித்து உறிஞ்சுவதற்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்வதே நல்லது.