அருங்காட்சியகம் சுற்றிய மறுநாள் கால் வலிப்பது ஏன்?

தினமும் ஒரு மணி நேரம் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர் ஒருவர், சுற்றுலா முடிந்து வந்த கையோடு என் இயன்முறை மருத்துவ அறைக்கு வந்தார். ஒரே நாளில் இரண்டு ஓவியக் கூடங்கள், ஒரு கோட்டை, ஒரு மணிக்கூண்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தார். "வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் நடந்திருக்கிறேன், அதற்குப் போய்க் குதிகாலை ஊன்ற முடியாத அளவுக்கு வலிக்குமா?" என்று கைப்பேசியில் பதிவான அடிக்கணக்கைக் காட்டிக் கேட்டார். அன்றிரவு காலுறையைக் கழற்றியபோது அதன் விளிம்பு கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருந்ததை உடன் வந்த அவர் மனைவி சொன்னார்.

அடிக்கணக்கில் ஏறாத ஒன்றுதான் காரணம்: அவர் நின்ற நேரம். வீசி நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓவியத்தின் முன் அசையாமல் நின்று, இரண்டடி நகர்ந்து, மறுபடியும் நிற்கும்போது அந்த வேலை பெருமளவு நின்றுபோகிறது. இரத்தம் கீழே தேங்கிக் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ள, உள்ளங்காலின் சவ்வோ கல்தரையின் மேல் மணிக்கணக்கில் இழுபட்டே கிடக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு 1916-இலேயே எழுதி, அந்தக் களைப்புக்கு அருங்காட்சியகச் சோர்வு என்று பெயரிட்டார்.

கால் வலியையாவது சொல்கிறார்கள், கழுத்தைச் சொல்வதில்லை. வாடிகனிலுள்ள சிஸ்டைன் தேவாலயத்தின் விதானத்தை 1508 முதல் 1512 வரை அண்ணாந்தபடி தீட்டிய மைக்கலாஞ்சலோ, தன் உடல் பட்ட பாட்டைக் கவிதையாகவே எழுதி வைத்தார். பார்வையாளருக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்திருந்தால், அண்ணாந்த நொடியிலேயே கூடம் முழுவதும் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடும் என்றாலும், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அந்த ஒரு நிமிடம் போதும். ஆகவே விதானங்களையும் கோபுர உச்சிகளையும் உட்கார்ந்தோ, சுவரில் சாய்ந்தோ, சற்றுத் தள்ளி நின்றோ பாருங்கள். காகித ஓவியங்களும் துணிகளும் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே வைப்பது வழக்கம் என்பதால், வெயிலிலிருந்து நுழைந்தவுடன் படிகளில் கால் வைக்காமல், கண் பழகும்வரை நின்று செல்வதும் நல்லது.

படியேற வேண்டிய இடங்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, அரை நாளுக்கு ஓர் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. கால் கெஞ்சும்வரை காத்திராமல் கூடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். வரிசையில் நிற்கும்போது குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். பயணத்துக்கென்று வாங்கிய புதுக் காலணியை அன்றுதான் முதன்முதலாக அணிவது, நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பல அருங்காட்சியகங்கள் மடக்கு இருக்கையும் சக்கர நாற்காலியும் இரவல் தருகின்றன. கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கி, இரவு உயர்த்தி வைத்துப் படுத்ததும் வடிந்துவிட்டால் கவலையில்லை. நீண்ட விமானப் பயணமோ பேருந்துப் பயணமோ செய்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தேய்த்துவிடவோ நீவிவிடவோ என்னைப் போன்றவர்களிடம் வராமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.