உறைபனிக் காலத்தில் பால் குடிக்காமல் தூங்கும் பச்சிளங்குழந்தை

நீலகிரியில் பிரசவ வார்டுச் செவிலியராகப் பணிபுரியும் நான், டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் காண்கிறேன். வெளியே புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். உள்ளே, பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தை கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இரண்டு துண்டு, அதற்கும் மேல் ஒரு போர்வை எனச் சுற்றப்பட்டு, தாயை விட்டுத் தள்ளிக் கிடக்கும். "ரொம்ப சமத்து சிஸ்டர், ராத்திரி பூரா அழவே இல்ல" என்று பாட்டி பூரிப்போடு சொல்வார். அதைக் கேட்டதும் எனக்கு எழும் முதல் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்குப் பால் குடித்தது என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், பிரசவமான நான்காம் நாள் குழந்தையோடு திரும்பி வந்தார். பிறந்தபோது 2.9 கிலோ இருந்த குழந்தை 2.55 கிலோவாகியிருந்தது. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்புதான். ஆனால் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அதை இயல்பென்று விட்டுவிட முடியாது. போர்வையை விலக்கிப் புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்காலில் வைத்தேன், சில்லென்றிருந்தது. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது என்று பொருள்; வயிறும் குளிர்ந்துவிட்டால் நிலைமை ஆபத்தானது. "எனக்குப் பாலே ஊறல சிஸ்டர்" என்று அந்தத் தாய் தலைகுனிந்து சொன்னார். பரிசோதித்தபோது அவருடைய மார்பு இரண்டும் பால் கட்டி, கல்லாக இறுகியிருந்தன. பால் இருந்தது, குடிக்கத்தான் குழந்தை மார்பில் இல்லை.

பச்சிளங்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. கழுத்து, தோள்பட்டைப் பகுதிகளில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பத்தை உண்டாக்குகிறது. அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் வேண்டும். பால் கிடைக்காதபோது இரத்தச் சர்க்கரை இறங்குகிறது, குழந்தை சோர்ந்து சப்ப மறுக்கிறது, சப்பாததால் மேலும் குளிர்கிறது. இந்தச் சோர்வைத்தான் வீட்டில் சமத்து என்று எண்ணிவிடுகிறார்கள். கம்பளி, இருக்கும் வெப்பத்தைக் காக்குமே தவிர, புதிதாக வெப்பத்தைத் தராது. தாயின் உடலால்தான் அதைத் தர முடியும்.

மருத்துவர் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவத்தைத் தொடங்கிய பின், குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் அணையாடையும் மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்திப் படுக்க வைத்து, அவருடைய சால்வையாலேயே இருவரையும் போர்த்தினோம். கையால் பீய்ச்சியெடுத்த பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். ஒரு மணி நேரத்தில் குழந்தை தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, தானே மார்பைத் தேடியது. காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். அடுத்த நாள் எடை ஏறத் தொடங்கியது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். இரவு பகல் பாராமல் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர்தான் என்பதால், சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவதைக் கண்டு பால் போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

எங்கள் மலைப்பகுதியில் கூடுதலாக இரண்டு பழக்கங்கள் என்னை வருத்துகின்றன. மலைத்தேன் மருந்து என்ற நம்பிக்கையில் பிறந்த குழந்தைக்குச் சேனையாக நாவில் தொட்டு வைக்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் நுண்வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சைச் சுரக்கக்கூடும். காட்டுத்தேனோ கடைத்தேனோ, ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது. மற்றொன்று, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பைக் கணப்பாக வைப்பது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தாயும் சேயும் தூக்கத்திலேயே உயிரிழக்கும் அபாயம் உண்டு. பிறந்தவுடன் குளிப்பாட்டுவதையும் குறைந்தது 24 மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். எடை குறைந்த குழந்தையாக இருந்தால், மருத்துவர் சொல்லும் வரை ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

எழுப்பியும் குடிக்க மறுத்தால், வயிற்றுப் பகுதி தொடுவதற்குக் குளிர்ந்திருந்தால், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால், பனியும் இருட்டும் விலகட்டும் என்று விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வரும் வழியெங்கும் குழந்தை தாயின் சால்வைக்குள், மார்போடு ஒட்டியே இருக்கட்டும்.