சொல்லிணைவு: ‘வேர்ட் அசோசியேஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் எது?

ஒருவர் ஒரு சொல்லைத் தருவார். அதைப் பார்த்ததும் மனத்தில் முதலில் எழும் சொல்லை அடுத்தவர் சொல்வார். அந்தச் சொல்லுக்கு அவருக்கு அடுத்தவர். இதுதான் ‘வேர்ட் அசோசியேஷன்’ விளையாட்டு. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இலக்கிய நண்பர்கள் ஆடும்போது இதைச் சொற்சங்கிலி என்பார்கள், வார்த்தை விளையாட்டு என்பார்கள், பலர் சொல் அந்தாதி என்றே சொல்லிவிடுவார்கள். கடைசிப் பெயரால்தான் குழப்பமே வருகிறது.

அந்தாதி என்றால் அந்தம் ஆதியாவது. முன் பாடலின் இறுதியில் நின்ற எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த பாடலின் தொடக்கமாக வரவேண்டும். அபிராமி அந்தாதியின் முதல் பாடல் ‘துணையே’ என்று முடிய, இரண்டாவது ‘துணையும்’ என்று தொடங்கும். அங்கே கோப்பது ஒலி வடிவம். சொல்லிணைவிலோ கோப்பது பொருள். ஒரே ஆட்டத்தில் இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? ‘விளக்கு’ என்ற சொல்லுக்கு ஒருவர் ‘திரி’ என்கிறார். அடுத்தவர் அந்தாதி என்று நினைத்து ‘ரி’யில் தொடங்கும் சொல்லைத் தேடுவார். தனித்தமிழ்ச் சொல் எதுவும் ரகரத்தில் தொடங்குவதில்லை. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

‘அசோசியேஷன்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘சோசியஸ்’ என்றால் தோழன். ஒன்றோடு ஒன்றைத் தோழமையாகச் சேர்ப்பது வேர்ப்பொருள். எண்ணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவதைக் குறிக்க இந்தச் சொல்லை ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1700-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அதிகாரத்தின் தலைப்பாகவே வைத்தார். 1879-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 75 சொற்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்ததும் தமக்குத் தோன்றியதைக் குறித்தார். நான்கு சுற்றுகளில் 660 நொடிகளில் 505 எண்ணங்கள் வந்தன. அவற்றில் பல திரும்பத் திரும்ப வந்தவையே. பின்னர் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 100 சொற்பட்டியலோடு கடிகாரத்தையும் வைத்து, பதில் தாமதிக்கும் இடத்தில் மனச்சிக்கல் இருக்கலாம் என்று பார்த்தார். 1910-இல் அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் கென்ட், ரோசனாஃப் இருவரும் 1,000 பேரிடம் 100 சொற்களைக் கேட்டபோது ‘மேசை’க்கு அதிகம் பேர் சொன்ன பதில் ‘நாற்காலி’.

இனி தமிழ்ச் சொல். ‘சொல்லியைபு’ என்று சிலர் எழுதுவார்கள். யாப்பறிந்தவர்களுக்கு இயைபு என்றாலே அடியின் இறுதி ஒன்றிவரும் தொடைதான் நினைவுக்கு வரும். ‘சொற்றொடர்பு’ என்பது சொற்றொடரோடு மயங்கும். ‘இணைச்சொல்’ என்பதை இணைமொழிகளுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். எனவே மனத்தில் நிகழும் செயலுக்குச் ‘சொல்லிணைவு’ என்பதும், விளையாட்டுக்குச் ‘சொல் தொடுப்பு’ என்பதும் பொருந்தும். செய்யுளில் தொடை என்பதும் தொடுத்தல் என்ற வினையிலிருந்து வந்ததே. ‘சொற்றொடுப்பு’ என்று புணர்த்தி எழுதலாம், பிழையில்லை. ஆனால் கைப்பேசித் திரையில் வேகமாகப் படிப்பவர் அதையும் சொற்றொடர் என்றே படிப்பார். பிரித்து எழுதுவதே நல்லது.

ஆடுவதற்கு நான்கு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பதில்கள் ஒரே சமயத்தில் வந்து சரம் கிளைவிடும். முறை வைத்து ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. முறையில்லாமல் ஆடினால், குழுவில் முதலில் தெரிந்த பதிலே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பதில் தருகிறோமோ அந்தச் செய்தியைச் சுட்டியே பதிலிட வேண்டும். அனுப்பியதைத் திருத்தக் கூடாது. திருத்தினால் அதற்குப் பின் வந்த சொற்கள் அந்தரத்தில் தொங்கும். நேரடி ஆட்டத்தில் 20 நொடி கொடுப்பது நியாயம். மனத்துக்கு அவ்வளவு வேண்டாம், தமிழ்த் தட்டச்சுக்கு வேண்டும்.

சரம் எப்படி நகரவேண்டும் என்பதற்கு ஒன்றைப் பார்க்கலாம்: விளக்கு – திரி – பருத்தி – நூல் – பாயிரம் – வாயில் – காவல் – உறக்கம். ‘நூல்’ வரை எல்லாம் கைக்கெட்டும் பொருள்கள். அங்கே ஒருவர் இழையை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடித்து, நூலின் முன்னுரையாகிய பாயிரத்துக்குப் போனார். சரம் திசை மாறியது. இன்னொருவர் ‘திரி’யை வினையாகக் கொண்டு ‘நாடோடி’ என்று போயிருக்கலாம். ஆறு, மாலை, நகை, திங்கள், வேங்கை, படி போன்ற பலபொருள் சொற்கள்தான் இந்த ஆட்டத்தின் உயிர். அப்படி ஒன்று கையில் வந்தால், முன்னவர் எண்ணாத பொருளைப் பிடிப்பதே சிறப்பு.

சங்க இலக்கியம் படித்தவர்களிடம் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. நிலத்தோடு பொழுதையும் பூவையும் உணர்வையும் சேர்த்துவைக்கும் திணை மரபே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பகிர்ந்துகொண்ட சொல்லிணைவுதான். ‘முல்லை’ என்றால் பொதுவாசகர் ‘மணம்’ என்பார். திணை தெரிந்தவர் ‘மாலை’ என்பார், அதன் சிறுபொழுது அது. அடுத்தவர் அதைப் பூமாலையாக எடுத்து ‘நார்’ என்றாலும் சரம் அறாது. இரண்டு பொருளும் முல்லைக்குப் பொருந்துவது தமிழில் மட்டுமே கிடைக்கும் இன்பம்.

ஆட்டம் சலிப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். ‘இரவு’க்குப் ‘பகல்’ என்ற எதிர்ச்சொல் விழுந்தால் அடுத்தவர் மீண்டும் ‘இரவு’ என்பார். தொடர்ச்சியாக எதிர்ச்சொல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். வானம், நிலா, இரவு, வானம் என்று வட்டமடிப்பது இன்னொன்று. கால்டனுக்கே எண்ணங்கள் திரும்பத் திரும்பத்தான் வந்தன. ஆகவே கடைசி 50 சொற்களில் வந்தது மறுபடி வரக்கூடாது என்ற விதி தேவை. மூன்றாவது, இலக்கியக் குழுக்களுக்கே உரிய நோய்: ஒருவர் நூற்பெயர் சொன்னதும் எல்லாரும் ஆசிரியர், பாத்திரம் என்று இறங்கி அதை வினாடி வினாவாக்கிவிடுவார்கள். சிறப்புப் பெயருக்குச் சிறப்புப் பெயரால் பதில் கூடாது என்றால் போதும்.

இணைப்பு புரியவில்லை என்றால் யாரும் கேட்கலாம். சொன்னவர் ஒரே வரியில் விளக்க வேண்டும், விளக்கமுடியாவிட்டால் சொல் விலகும். நாலு வரி விளக்கம் தேவைப்படும் சொல் சொந்த நினைவிலிருந்து வந்தது, பொது நினைவிலிருந்து வந்ததல்ல. கைப்பேசியின் தன்திருத்தம் (ஆட்டோகரெக்ட்) மாற்றிவிட்ட சொல்லை மட்டும் கேள்வியின்றி மீண்டும் தட்டச்சு செய்ய விடுங்கள். ஆனால் ‘மழை’ என்று அடித்தது ‘மலை’ என்று போய், பின்னால் மூவர் ஏறத் தொடங்கிவிட்டால், மலையையே வைத்துக்கொண்டு தொடர்வதுதான் வழக்கம்.