நிலவு படகாகி, படகு சூரியனான கதை

விடாமுயற்சியைச் சீன மொழியில் 'ஹெங்சின்' என்பார்கள். 'ஹெங்' என்றால் நிலையானது, 'சின்' என்றால் மனம். பொருளில் சிக்கல் எதுவும் இல்லை. ஹெங் என்ற அந்த எழுத்துதான் நிலையாக நிற்கவில்லை.

இன்று சீனாவில் எழுதும் வடிவத்தில், இடப்பக்கம் மனதைக் குறிக்கும் மூன்று கீற்றுகள் இருக்கும். வலப்பக்கம் மேலும் கீழும் ஒவ்வொரு கோடு, நடுவில் சூரியன். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தினமும் தவறாமல் வரும் சூரியன், ஆகவே விடாமுயற்சி என்று அழகாகக் கதை கட்டிவிடலாம். எழுத்துகளைப் பற்றி இப்படிப்பட்ட கதைகள் நிறையவே உலவுகின்றன. இந்தக் கதை நிற்காது.

3000 ஆண்டுகளுக்கு முன், ஷாங் அரசர் காலத்தில், குறி கேட்பதற்காக மாட்டெலும்பிலும் ஆமையோட்டிலும் எழுத்துகளைக் கீறினார்கள். அவற்றில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பது பிறைநிலவு. மனக் குறி பிற்பாடு வந்து சேர்ந்தது. பழஞ்சீனப் பாடல் ஒன்றும் வளர்பிறையைச் சொல்ல இதே ஹெங்கைத்தான் கையாள்கிறது.

பழைய எழுத்தில் நிலவும் படகும் ஏறக்குறைய ஒரே சாயல். படியெடுத்தவர்கள் கையில் நிலவு படகாகிவிட்டது. கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த ஷூ ஷென், இரு கரைக்கு நடுவே மனம் படகில் போய்வருவதாக இதற்கு விளக்கம் தந்தார். ஆனால் மனிதர் நேர்மையானவர். நிலவு உள்ள பழைய வடிவத்தையும் பக்கத்திலேயே பதிந்து வைத்தார். அப்புறம் கோடுகளைச் சுருக்கி எழுதியதில் படகும் போய்ச் சூரியன் வந்தது. தைவானில் இன்றும் சூரியன் இல்லாத வடிவம்தான்.

வடிவம் போதாதென்று, எழுத்துக்கே ஒருமுறை தடை வந்தது. கி.மு. 180 முதல் 157 வரை ஆண்ட ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயர் லியூ ஹெங். அரசர் பெயரை எழுதக்கூடாது என்பது மரபு. எனவே ஹெங் வந்த இடங்களில், அதே பொருளுள்ள 'சாங்' என்ற எழுத்தைப் போட்டார்கள். நிலவுத் தேவதை ஹெங்'இ, சாங்'இ ஆனாள். 2019-இல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீன விண்கலத்துக்கு அந்த மாற்றுப்பெயர்தான்.

பழஞ்சீன ஞானி லாவோட்சுவின் நூலும் தப்பவில்லை. 'சொல்லக்கூடிய வழி நிலையான வழி அன்று' என்ற அதன் முதல் வரியில், வழிவழியாக வந்த பிரதிகளில் 'நிலையான' என்பதற்குச் சாங் இருந்தது. 1973-இல் மாவாங்துய் கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பழைய பிரதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் அந்த இடத்தில் ஹெங் இருக்கிறது.