மாலை 4 மணிக்கு வெளுத்துப்போகும் ஓவியங்கள்

2014 நவம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் மார்க் ரோத்கோவின் ஐந்து பெரிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பார்த்தால் ஆழ்ந்த சிவப்பு. தினமும் மாலை 4 மணிக்கு எதிரே இருந்த புரொஜெக்டர்களை அணைப்பார்கள், அந்த நொடியே சிவப்பு போய்விடும். வெளுத்து, இடத்துக்கிடம் நீலம் பாய்ந்த துணிதான் மிஞ்சும்.

1964-இல் இவற்றைப் பல்கலைக்கழகத்தின் ஒரு சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தார்கள். பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில். ரோத்கோ கலந்திருந்த லித்தால் ரெட் என்ற நிறமியோ வெயில் தாங்காதது. 1979-இல் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. சரி, மேலே மறுபடி சாயம் பூசிவிடலாமே என்றால், அப்புறம் அது அவர் தீட்டிய ஓவியமாக இருக்காது.

அதனால் துணியைத் தொடாமல் ஒளியை மாற்றினார்கள். ஒரு பரப்பு எந்த நிறமாகத் தெரியும் என்பது அதன் நிறமியை மட்டும் பொறுத்ததல்ல, அதன் மேல் எந்த ஒளி விழுகிறது என்பதையும் பொறுத்தது. இந்த ஓவியங்களை அந்தக் காலத்தில் படமெடுத்த வண்ணப் படச்சுருள்களும் மங்கியிருந்ததால், இதே வரிசையில் தீட்டி, மாட்டாமல் விட்டதால் வெயில் படாமல் தப்பிய ஆறாவது ஓவியத்தை வைத்து அசல் நிறத்தைக் கணித்து, இப்போதைய நிறத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை மட்டும் ஒளியாகப் பாய்ச்சினார்கள். எனக்கு இது மிகவும் மரியாதையான வைத்தியமாகத் தெரிகிறது.

சுவரையும் விடவில்லை, பழைய அறையில் இருந்த அதே மங்கிய ஆலிவ் நிறத்தைக் கொண்டுவந்தார்கள். பச்சை கலந்த சுவருக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும்; நம் கண் எதையும் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும்.

ஒளி இப்படிச் சாயத்தைத் தின்னும் என்பதால்தான் துணி, தாள், நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் வைப்பது வழக்கம். வெளியே உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அங்கிருந்து நேராக உள்ளே வந்தால் குகைக்குள் வந்தமாதிரிதான் இருக்கும், ஆகவே நல்ல வடிவமைப்பாளர்கள் நடைபாதையிலேயே வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கண்ணைப் பழக்கிக் கூட்டிவருவார்கள். அப்படி ஒரு பாதை இல்லாத இடத்தில், வெளிச்சம் போதவில்லை என்று உடனே நகர்ந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள், முதலில் வெறும் கறுப்பாகத் தெரிந்த புடவை மடிப்புக்குள் நூலோட்டம் தெரிய ஆரம்பிக்கும்.